மெஹ்ரஸ் சொன்ன உயரம்

விதாத் அளவுகோலின் பலகையை மறுபடி ரிதாஜின் உச்சந்தலையில் இறக்கினாள். நூற்று அறுபத்தொன்பது. பிறகு பெட்டிமேல் உட்கார வைத்து இடுப்புக்கு மேலே அளந்தாள். எடை பார்த்தாள். ரிதாஜுக்குப் பன்னிரண்டரை வயதுதான். கெலிபியா ஊரின் வாலிபால் கிளப்பில் அவள் வயதுப் பெண்கள் எல்லாரும் அவள் தோளுக்குக் கீழேதான் நின்றார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கடலோர ஊர்களின் ஐந்து கிளப்புகள் கூடி ஒரு புதுமாதிரிப் போட்டி வைத்திருந்தன. பிறந்த வருஷத்தைப் பார்த்து அணி பிரிப்பதில்லை, உடம்பின் முதிர்ச்சியைப் பார்த்துத்தான். பிள்ளையின் வயது, உயரம், எடை, அதோடு அப்பா அம்மா உயரம். இதை வைத்து அவள் வளர்ந்து முடித்தால் எவ்வளவு இருப்பாள் என்று கணக்குப் போட வேண்டும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை இப்போதே எட்டியிருந்தால் மூத்த அணி, இல்லையென்றால் இளைய அணி. கிளப்பின் உடற்பயிற்சியாளர் என்பதால் அந்தக் கணக்கு விதாத்தின் பொறுப்பு.

ரிதாஜ் தொண்ணூற்றைந்துக்கு ஒரு நூலிழை கீழே நின்றாள்.

கோச் லம்ஜத் கையைத் தேய்த்துக்கொண்டார். "சின்னப் பொண்ணுங்க அணியில இவ இருந்தா கோப்பை நமக்குத்தான். இனிமே அந்தத் தாளத் தொடாத விதாத்."

அவளும் தொட்டிருக்க மாட்டாள். ஆனால் அன்று மாலை மகளைக் கூட்டிப் போகப் பெற்றவர்கள் இருவரும் வந்தார்கள். அம்மா சலுவாவின் உயரம் நூற்று எழுபது, அதை விதாத்தே அளந்திருந்தாள். அப்பா மெஹ்ரஸ் தன்னுடையது நூற்று எழுபத்தெட்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார். பக்கத்து ஊர் நாபுலுக்கு லுவாஜ் என்கிற ஷேர் டாக்ஸி ஓட்டுகிறவர், பகல் முழுக்க ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். விதாத் அவர் நின்று பார்த்ததே இல்லை. இப்போது வாசலில் மனைவிக்குப் பக்கத்தில் நின்றார். தூக்கி வாரிய முடியையும் சேர்த்தும் அவர் சலுவாவின் உயரத்தைத் தாண்டவில்லை.

விதாத் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "மெஹ்ரஸ் அண்ணே, ஷூவக் கழட்டிட்டு ஒரு நிமிஷம் இங்க வந்து நில்லுங்க."

"எதுக்கு? அதான் எழுதிக் குடுத்துட்டேனே."

"எழுதினது இருக்கு. அளந்தது இல்லையே."

"வண்டியில எட்டுப் பேர் உக்காந்திருக்காங்கம்மா. நாபுல் போகணும்."

"உக்காந்துதான இருக்காங்க, நிக்கலையே," என்றாள் சலுவா. "போங்க, நில்லுங்க."

மெஹ்ரஸ் போய் நின்றார். பலகை இறங்கியதும் கத்தினார். "முடிய அமுக்காத தங்கச்சி!"

"முடி கணக்குல வராது."

நூற்று அறுபத்தெட்டு. அதற்கு மேல் ஒரு கோடுகூட இல்லை.

மெஹ்ரஸ் குனிந்து அந்த எண்ணையே பார்த்தார். "கோல் தப்பு," என்றார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

"கோல் மேல பழி போடாதீங்க. எனக்குப் பதினஞ்சு வருஷமாத் தெரியும்," என்றாள் சலுவா.

"தெரியுமா? பின்ன ஏன் சொல்லல?"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எங்கப்பாகிட்ட நூத்தி எழுபத்தெட்டுன்னீங்க. நான் கதவுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். என் உயரத்தக் கேட்டதும் அதுக்கு முன்னாடி ரெண்டு பேர் ஓடிப் போயிருந்தாங்க. இந்த மனுஷன் ஓடாம நின்னு பொய் சொல்றாரே, சரி, நம்மளப் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்."

மெஹ்ரஸின் காது இரண்டும் சிவந்தன. ரிதாஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

விதாத் மறுபடி கணக்குப் போட்டாள். அப்பாவின் பத்து சென்டிமீட்டர் குறைந்ததில் மகள் வளர்ந்து எட்டப்போகும் உயரம் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியது. பங்கு தொண்ணூற்றாறு ஆனது. ரிதாஜ் மூத்த அணிக்குப் போய்விட்டாள்.

லம்ஜத் தாளைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "உனக்கு என்ன பாவம் பண்ணேன் நான்? ஒரு ஷூவக் கழட்ட வெச்சு என் கோப்பையப் பறிச்சிட்டியே!"

"கோச், இப்ப இவ உடம்பாலதான் ஜெயிக்கிறா. இவளுக்கு வளர்ச்சி முக்காவாசி ஓய்ஞ்சாச்சு. ரெண்டு வருஷத்துல மத்தவளுங்க எல்லாரும் எட்டிப் பிடிச்சிருவாளுங்க. அப்ப இவ கையில என்ன இருக்கும்? கைய நேரா நீட்டினாலே பாயின்ட் வருதுன்னா எதுக்கு வேற ஒண்ணக் கத்துக்கப் போறா?"

"அதுக்குன்னு பதினஞ்சு வயசுப் பொண்ணுங்ககிட்ட அடி வாங்க அனுப்பச் சொல்றியா?"

ரிதாஜ் நடுவில் புகுந்தாள். "எனக்கு அங்கதான் போகணும் கோச். போன மேட்ச்ல எதிர் டீம் அம்மாங்க பிறப்புச் சான்றிதழ் கேட்டாங்க. 'கல்யாணம் ஆகிடுச்சா'ன்னுகூட ஒருத்தங்க கேட்டாங்க."

லம்ஜத் சட்டைப் பையில் பேனாவைத் தேடி எடுத்தார். அப்புறம் தாளில் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் செட்டில் ரிதாஜ் அடித்த நான்கு பந்தில் மூன்று வலைக்கு அந்தப் பக்கத்துக் கைகளில் பட்டு அவள் காலடியிலேயே விழுந்தன. அப்படி ஒரு தடுப்பை அவள் அதுவரை கண்டதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு விதாத்தைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது செட்டின் பாதியில் ரிதாஜ் உயரக் குதித்து, ஓங்கிய கையை அடிக்காமல் நிறுத்தி, விரல் நுனியால் பந்தைத் தடுப்புக்குப் பின்னால் மெல்லப் போட்டாள். எதிரணியில் ஒருத்தியும் அசையவில்லை.

"பாத்தியா!" என்று லம்ஜத் துள்ளினார், தானே சொல்லிக் கொடுத்த மாதிரி.

அந்த ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று கையைவிட்டுப் போனது. பக்கத்து மைதானத்தில் இளைய அணிக்கு மூன்றாம் இடம்தான். ஆனால் வருஷம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்த பொடிசு ஒருத்தி அங்கே எல்லா செட்டும் ஆடி, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வந்தாள்.

மதியம் எல்லாரும் கடற்கரைக்குப் போனார்கள். ரிதாஜ் மூத்த பெண்களுக்கு நடுவே மணலில் உட்கார்ந்து ஃப்ரிகாஸே என்கிற பொரித்த பன்னைத் தின்றாள். உள்ளே வைத்திருந்த ஹரிஸ்ஸா மிளகாய் விழுதின் காரத்தில் அவள் மூக்கு ஒழுகியது. ஒருத்தி அவள் மணிக்கட்டைப் பிடித்து எப்படி மடக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

"கோச், திங்கக்கிழமையும் இவங்களோடயே பயிற்சிக்கு வரட்டுமா?" என்று வாய் நிறைய வைத்துக்கொண்டே கேட்டாள்.

"சாப்ட்டு முடி முதல்ல," என்றார் லம்ஜத். பிறகு, "வா வா," என்றார்.

பெண்கள் ஜெர்சியோடு கடலுக்குள் ஓடினார்கள். விதாத் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மே மாதத்துக் கடல் இன்னும் கொஞ்சம் குளிராகத்தான் இருந்தது. நன்றாக இருந்தது.