எதுவும் வகுக்காத எண்

நெலிதாவும் நானும் கோர்தோபா பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் ஒரே அறையில் கிழவிகளானவர்கள். அவளுடைய தம்பி எல்வியோவை ராணுவ ஆட்சியின்போது வீடு புகுந்து இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர் யாருமில்லை. அவன் தேடி வந்தால் ஏமாந்துவிடக் கூடாதென்று அவள் வீடும் மாற்றவில்லை, தொலைபேசி எண்ணும் மாற்றவில்லை.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கழிந்து, அப்படி இழுத்துப்போனவர்களைக் கொன்று புதைத்த ஒரு பெரிய குழியை சான் விசென்தே இடுகாட்டில் தோண்டி எலும்புகளை எடுத்தார்கள். உறவினர்கள் ரத்தம் கொடுத்தால், எந்த எலும்பு யாருடையது என்று ஒப்பிட்டுச் சொல்வார்களாம். எல்வியோவுக்கு மிச்சமிருந்த ரத்த உறவு நெலிதா ஒருத்திதான். அவளோ பிடிகொடுக்கவே இல்லை.

"ரத்தம் குடுத்தா அவன் செத்துட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரிடி, இர்மா."

"உசுரோட இருக்கறவன் இத்தனை வருஷத்துல ஒரு போன்கூடவா பண்ண மாட்டான்?"

"கொன்னது யாரு? எந்த எடத்துல? ஒண்ணுமே கெடைக்கல. அப்புறம் எப்படிச் செத்தான்னு சொல்ற?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்தே தேநீர்க் குடுவையை அவள் பக்கம் தள்ளிவிட்டேன்.

அந்தப் பருவத்தில் மாணவர்களுக்கு அவள் ஒரு ராட்சத எண்ணைக் கொடுத்திருந்தாள். இரண்டை அதனாலேயே பெருக்கி, வந்ததை மறுபடி அதனாலேயே பெருக்கி, இப்படிப் பதினான்கு தடவை போய்க் கடைசியில் ஒன்றைக் கூட்டினால் வருவது. எழுதினால் ஐயாயிரம் இலக்கத்தைத் தொடப் பார்க்கும். அதை மீதியில்லாமல் வகுக்கும் எண் ஒன்றைத் தேட வேண்டும்.

கடைசி வகுப்பில் நானும் பின்வரிசையில் இருந்தேன். லௌதாரோ என்ற பையன் எழுந்தான்.

"தேடித் தேடிக் கம்ப்யூட்டர்தான் சூடாச்சு, மேடம். எதுவுமே வகுக்கல. அப்போ இது பகா எண்தானே?"

நெலிதா சிரித்தாள். "கிடைக்கலன்னா இல்லன்னு அர்த்தமாப்பா? இது பகா எண் இல்லன்னு நாப்பது வருஷம் முன்னாடியே நிரூபிச்சாச்சு. எது வகுக்குதுன்னுதான் இன்னிவரைக்கும் யாருக்கும் தெரியாது."

"தெரியாம எப்படி மேடம் நிரூபிக்கறது?"

"பகா எண்ணுன்னா, ஒரு சோதனையில குறிப்பிட்ட ஒரு பதில் வந்தே ஆகணும். இதுக்கு வரல. வரலன்னா..."

 சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். உயிரோடிருந்தால் போன் வந்தே ஆக வேண்டும், வரவில்லை; எங்கள் வாதத்தில் ஜெயித்தது நான்தான். ஆனால் ஏன் ஜெயித்தோம் என்றிருந்தது.

வெளியே வந்ததும் கேட்டாள். "ரத்தம் எங்கடி எடுக்கறாங்க?"

சில மாதங்கள் கழித்து, எலும்பு தோண்டும் குழுவிலிருந்து ஹெர்மான் என்ற இளைஞன் எங்கள் அறைக்கே வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்க ரத்தம் எதோடயும் ஒத்துப்போகலம்மா. அந்தக் குழியில உங்க தம்பி இல்ல."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் அவளோடு மல்லுக்கு நின்ற நானே உளறினேன். "பாத்தியா, ஒருவேளை உசுரோட எங்கயாவது..."

"கிடைக்கலன்னா இல்லன்னு அர்த்தமாடி?" என்றாள் நெலிதா.

பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த குழி எங்கப்பா தோண்டப் போறீங்க?"