பாபின் டீச்சரின் பெயருக்கு எதிரே இருந்த சொல்

1

“அந்த வார்த்தையை எடுங்க சார்.”

இந்தக் கதை பிறந்தது இந்த ஒரு வரியில்தான். சொன்னது நான். இப்படி எதையும் சொல்லிவிடாதே என்று எச்சரித்து அனுப்பியவர் என் அப்பா. ஓர் அலுவலக வாசலில் முப்பது வருஷம் வாட்ச்மேனாக நின்றவர். எனக்கு வேலை கிடைத்த அன்று சொன்னார்: “லீவு கேளு, சம்பளம் கூடக் கேளு. ஆனா அவங்க செஞ்சது தப்பு, திருத்துங்கன்னு மட்டும் கேட்டுடாதே. கேட்டவங்க எத்தனை பேருக்கு நான் கேட்டைத் திறந்து விட்டிருக்கேன் தெரியுமா? உள்ள போறதுக்கு இல்ல, வெளிய போறதுக்கு.”

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். [இந்த வாக்கியத்தை நான்கு முறை அடித்தேன். இதைப் படித்ததும் உங்கள் முகத்தில் ஒரு கனிவு வரும். அது எனக்கு வேண்டாம். தகவலுக்காக மட்டும் வைத்திருக்கிறேன்.]

எந்த வார்த்தை, எந்த சார் என்று கேட்பீர்கள். வருகிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் வேறு:

‘சைக்கிள் கடைக்கு மேலிருந்த அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அதன் வழியே காலை வெயில் பொன்னாக இறங்கி—’

நிறுத்திவிட்டேன். பொன்னாவது ஒன்றாவது. கண்ணில் குத்தியது. ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து ஜன்னலை அடைத்தோம். எனக்குக் கோபப்படத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த அறையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை தானாகப் பொன் பூசுகிறது. ஆகவே ஜாக்கிரதையாகப் படியுங்கள்.

அந்த அறையில் நாங்கள் மூன்று பேர். முதலாளி, அப்போது அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவோம். பெட்டி கட்டி அனுப்பும் பார்சல்காரர். நான். இணையத்தில் தையல் மெஷின் விற்றோம். கீழே டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் போனில் பேசுவதை நிறுத்திக் காத்திருப்போம். சுழல் நாற்காலி ஒன்றே ஒன்று. அன்றைக்கு முதல் ஆர்டரைப் பார்த்தவருக்கு அது. பார்சல்காரர் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. “நின்னே பழகினவனுக்கு உக்காந்தா முதுகு வலிக்கும்” என்று சொல்லிச் சமாளிப்பார்.

பிறகு பெரிய அலுவலகத்துக்கு மாறினோம். அண்ணா, சார் ஆனார். யாரும் உத்தரவு போடவில்லை. அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு வந்தது. அதைத் தட்டும்போது வாயில் ‘சார்’தான் வந்தது.

3

இனி கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் கதை புரியாது.

மெஷினை நாங்கள் நேராக விற்பதைவிட, தையல் சொல்லித்தரும் டீச்சர்கள் சொல்லித்தான் அதிகம் விற்றது. டீச்சர் வீடியோ போடுவார். கீழே ஒரு லிங்க் வைப்பார். அதைத் தொட்டு எங்கள் கடைக்குள் வருகிறவரின் போனில் ஒரு சின்ன அடையாளம் ஒட்டிக்கொள்ளும். முப்பது நாளுக்குள் அதே போனில் மெஷின் வாங்கினால் டீச்சருக்குக் கமிஷன். இதற்கு அஃபிலியேட் என்று பெயர்.

‘அதே போனில்.’ இந்தக் கதைக்கு வில்லன் வேண்டுமென்றால் இந்த இரண்டு சொற்களையே வைத்துக்கொள்ளலாம். வீடியோ பார்ப்பவள் ஒருத்தி, அவள் போனில். பணம் கட்டுவது அவள் புருஷனோ அண்ணனோ, தன் போனில். அடையாளம் இங்கே, விற்பனை அங்கே. டீச்சரின் உழைப்பு நடுவில் விழுந்து காணாமல் போகும்.*

* மென்பொருளுக்கு இதில் வருத்தம் கிடையாது. ‘நேரடி விற்பனை’ என்று எழுதிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

சைக்கிள் கடை மாடியில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். பணம் கட்டும் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம்: ‘யார் சொல்லி வந்தீங்க?’ வந்த பதில்களைத் தினமும் மத்தியானம் அண்ணன் நடித்துக் காட்டியபடி படிப்பார். ‘கரகரக் குரல் அம்மா.’ ‘காலர் வைக்கச் சொல்லித் தந்து என் மானத்தைக் காப்பாத்தின டீச்சர்.’ ‘என் பொண்டாட்டி. அவகிட்ட யார் சொன்னாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?’ இவற்றை வைத்து எந்த டீச்சர் என்று கண்டுபிடித்துச் சேர்ப்பது என் வேலை. இவ்வளவு சந்தோஷமாக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை. [இதில் பொன் இல்லை. சோதித்துவிட்டேன்.]

ஒரு நாள் ‘கண்ணாடி போட்ட டீச்சர்’ என்று மட்டும் வந்தது. எங்களிடம் கண்ணாடி போட்டவர்கள் மூன்று பேர். மூவருக்கும் போன் செய்தேன். முதல் இருவரும் “என்னோடதுதான்” என்றார்கள். மூன்றாவது பாபின் டீச்சர். எந்த வீடியோவானாலும் பாபின் என்ற அடிநூல் உருளையில் நூல் சுற்றுவதிலிருந்தே தொடங்குவார். அதனால் அந்தப் பெயர்.

“என்ன மெஷின் வாங்கியிருக்காங்க பாப்பா?” என்று கேட்டார்.

“எம்பிராய்டரி மெஷின் டீச்சர்.”

“அப்போ என்னோடது இல்ல. எனக்கே எம்பிராய்டரி வராது. மத்த ரெண்டு பேர்ல யார் பூ போடச் சொல்லித் தராங்கன்னு பாரு.”

போனை வைத்ததும் அண்ணன் கேட்டார்: “என்ன, மூணாவதும் தன்னோடதுன்னுட்டாங்களா?” இல்லை என்றேன். அவர் அன்றைய சுழல் நாற்காலியை அந்த டீச்சர் பெயரில் காலியாக வைத்தார். நாங்கள் மூவரும் பெட்டிகள் மேல் உட்கார்ந்து வேலை பார்த்தோம்.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இப்படிச் செய்த மனிதரை அடுத்த பகுதியில் கெட்டவராக்கினால் நம்புவீர்களா? நானே நம்பவில்லை. அவருக்குக் கோணல் சிரிப்பு ஒன்று வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவர் கெட்டவரில்லை. அவசரத்தில் இருந்தார், அவ்வளவுதான். ஆனால் அவருடைய அவசரத்தில் அடிபட்டது வேறொருவர்.

புது அலுவலகத்தில் காலிக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். பக்கம் நீளமாக இருக்கிறதாம், வாங்க வந்தவர் சலித்துப்போய்விடுகிறாராம். இனி எல்லாவற்றையும் மென்பொருளே எண்ணும்.

ஒரு மாதத்தில் பாபின் டீச்சர் போன் செய்தார். “பாப்பா, என் வகுப்புல ஆறு பேர் வாங்கியிருக்காங்க. உன் கணக்குல ஒண்ணுதான் காட்டுது. நான் சந்தேகப்படல, நீ இருக்கே. ஆனா என்னன்னு பாரேன்.”

இனி வரும் வரியை எழுதாமல் இருக்க எத்தனையோ சுற்றுச் சுற்றினேன். நான் சொன்னேன்: “அவங்களுக்கு நீங்களே உங்க போன்ல ஆர்டர் போட்டுக் குடுத்துடுங்க டீச்சர். அப்போ தவறாது.”

அவர் அப்படியே செய்தார். மூன்று மாதத்தில் இருபத்து மூன்று பெண்களுக்கு, அவரவர் விலாசத்துக்கு, தன் ஒரே போனிலிருந்து மெஷின் ஆர்டர் செய்தார். மென்பொருள் பார்த்தது: ஒரே ஆள், தன் லிங்கில் தானே வந்து, கமிஷனுக்காகத் தானே வாங்குகிறார், இருபத்து மூன்று முறை. அது டீச்சரின் பெயருக்கு எதிரே ஒரு சொல் எழுதியது.

மோசடி.

அதோடு நிற்கவில்லை. நூல், கத்தரி, துணி விற்கும் பதினொரு கடைகளும் நாங்களும் டீச்சர்களின் பட்டியல் ஒன்றைப் பகிர்ந்துகொள்கிறோம். சொல் அங்கேயும் போனது. ஒரே நாளில் டீச்சரின் எல்லா லிங்குகளும் செத்தன. மறுநாள், விஷயம் தெரிந்த அவர் மாணவி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: “எங்க பேரைச் சொல்லி என்ன டீச்சர் பண்ணினீங்க?”

இதை டீச்சர் என்னிடம் சொன்னபோது திட்டவில்லை. “நீ சொன்னபடிதானே பாப்பா செஞ்சேன்? நான் எங்காவது தப்பா அமுக்கிட்டேனா?” என்றுதான் கேட்டார்.

5

பார்சல்காரரிடம் போனேன். “அந்த இருபத்து மூணும் ஞாபகம் இருக்கா?”

“ஸ்டிக்கர் ஒட்டினவன் நானு. இருபத்து மூணு வீடு. போலின்னா நான் வண்டியில ஏத்தினது என்ன, காத்தா? முதுகைக் கேளு, சொல்லும்.”

விலாசப் பட்டியலை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தட்டினேன். அப்பா வேண்டாம் என்ற அந்த வரியைச் சொன்னேன். டீச்சர் போனிலேயே ஆர்டர் போடும் யோசனை என்னுடையது என்றும் சொன்னேன்.

சார் பட்டியலைப் படித்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும், முழுசாகப் படித்தார்.

“நீ சொல்லித்தான் செஞ்சாங்கன்னு வேற யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“அது போதும். வெளிய தெரிய வேணாம். இப்போ இதை எடுத்தா, நம்ம மென்பொருள் தப்பா எண்ணுதுன்னு நாமளே சொன்ன மாதிரி ஆகும். பதினோரு கடையும் நம்ம எண்ணிக்கையை நம்பித்தான் இருக்காங்க.”

“டீச்சர் உங்களை நம்பி இருக்காங்க சார்.”

“அவங்களை விட்டுடலையே! புது பேர்ல சேத்துக்கலாம். புது லிங்க், கமிஷனும் கூட்டித் தரேன். பழைய பேர் அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.”

“அவங்க பேரு அது.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். எல்லாமே சுழலும் நாற்காலிகள் இப்போது. “சரி, உனக்கு ஒண்ணு யோசிச்சு வெச்சிருந்தேன். கூட்டாளிகள் நம்பிக்கைப் பிரிவுன்னு ஒண்ணு ஆரம்பிக்கறோம். நீதான் தலைவி.”

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாதுதான்.

6

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: சார் எழுந்து வந்து, மறுபடி அண்ணனாகி, “தப்பு என்னோடது” என்கிறார். எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது. பழைய அறை மேல் எனக்கிருக்கும் ஆசைதான் அதை எழுதியது. அடித்துவிட்டேன்.

இரண்டு: பாபின் டீச்சர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். இது எனக்கு ரொம்ப வசதி. திட்டு வாங்கிவிட்டால் மனசு லேசாகிவிடும். அவர் திட்டவில்லை, எனவே இதுவும் இல்லை.

மூன்று: நான் வாயை மூடிக்கொண்டு சம்பளம் வாங்குகிறேன். அப்பா நிம்மதியாகத் தூங்குகிறார். இதை அடிக்க முடியவில்லை. ஏனென்றால் ஒரு வாரம் இதுதான் நடந்தது. டீச்சர் ‘தப்பா அமுக்கிட்டேனா’ என்று கேட்ட நாளுக்கும் நான் கதவைத் தட்டிய நாளுக்கும் நடுவே ஏழு நாள். [மேலே ‘போனேன், தட்டினேன்’ என்று அடுத்தடுத்து எழுதி அந்த ஏழு நாளை மறைத்திருக்கிறேன். நீங்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.]

7

இனி நடந்தது.

கதவைத் தட்டுவதற்கு முன்பே பதினொரு கடைகளுக்கும் கடிதம் அனுப்பியிருந்தேன். என் பெயர், என் பதவி. ‘அவர் போனிலேயே ஆர்டர் போடச் சொன்னது நான். இருபத்து மூன்று மெஷினும் இருபத்து மூன்று வீடுகளில் இருக்கின்றன. எங்கள் எண்ணிக்கை தவறு. அவர் மோசடி செய்யவில்லை.’ நகல் டீச்சருக்கு. உள்ளே போனது அனுமதி கேட்க அல்ல. சார் தானாக அந்தச் சொல்லை எடுத்தால், அதையும் கடைகளுக்கு எழுதிவிடலாம் என்று ஒரு நப்பாசை. அவருக்காக. சைக்கிள் கடை மாடிக்காக.

நான் சிரித்து முடிப்பதற்குள் சாரின் மேசையில் போன் அதிர்ந்தது. திரையில் ஒரு கடைக்காரரின் பெயர். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்ன பண்ணி வெச்சிருக்கே?”

“எடுத்துப் பேசுங்க.”

கடைக்காரர்கள் நம்பினார்களா, டீச்சருக்கு லிங்க் திரும்பியதா, என் பெயருக்கு எதிரே இப்போது எந்தப் பட்டியலில் என்ன சொல் இருக்கிறது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. நீங்கள்தான் பன்னிரண்டாவது கடைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் எண்ணிக்கை. இன்னொரு பக்கம் முன்பின் தெரியாத ஒருத்தியின் கடிதம். ஏழு நாள் மௌனமாக இருந்தவள், அதை உங்களிடம் மறைக்கவும் பார்த்தவள். யாரை நம்புவீர்கள் என்பது உங்கள் பாடு.

நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே வந்தேன்.