கணுக்காலில் ஒரு கைப்பட்டை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் இடுப்பில் தொடங்கியது. எனக்குச் சதை போட்டுவிட்டது. கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துத் தளர்த்தித் தரச் சொல்லித் தையல்காரரிடம் போனேன். அளவெடுக்க அவர் எழுந்து வந்தபோது பார்த்தேன், கையில் கட்ட வேண்டிய கறுப்புப் பட்டை அவர் கணுக்காலில் இருந்தது.

"கால் சுளுக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல, இதயம்" என்றார்.

கதை எழுதுகிறவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கால்சட்டையை மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.*

(* இந்த 'மறுநாள்' இந்தக் கதை முழுக்க வரும்.)

2

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், தையல் இயந்திரத்தின் சத்தம்

[மழையெல்லாம் பெய்யவில்லை.]

இதயம் என்பது உண்மையில் ஒரு

[இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.]

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் தையல்காரருக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்து வீடு திரும்பும்போது மருத்துவமனையில் ஒரு பட்டையைக் கையில் கட்டி, அவருடைய கைபேசியோடு இணைத்துவிட்டார்கள். எத்தனை அடி நடக்கிறார், இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்ற கணக்கெல்லாம் கைபேசி வழியாக அங்கே ஒரு நர்ஸின் திரைக்குப் போகும். அவர் இவரைப் போல நாற்பது பேரைப் பார்த்துக்கொள்கிறார். நாற்பது பேருக்கும் ஒரே சட்டம்: நாளுக்கு நாலாயிரம் அடி.

தையல்காரர் காலையிலிருந்து மாலை வரை தையல் இயந்திரத்தை மிதிப்பவர். ஆனால் தைக்கும்போது அசைவதெல்லாம் கால்தான், கை துணியைப் பிடித்தபடி கிடக்கும். பட்டைக்கு அது தெரியுமா? தினமும் மாலையில், "இன்று நீங்கள் போதுமான அளவு நடக்கவில்லை" என்று கைபேசியில் செய்தி வரும். எதிரே உட்கார்ந்து சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் மனைவி அதை வாய்விட்டுப் படிப்பார். முப்பது வருஷமாக உட்கார நேரமில்லாமல், ஆனால் உட்கார்ந்தே உழைத்த மனிதரை ஒரு கைபேசி சோம்பேறி என்றால் பொறுக்குமா?

ஒருநாள் பட்டையைக் கழற்றிக் கணுக்காலில் கட்டினார். அன்று பதினோராயிரம் அடி. கைபேசி திரையில் வண்ணக் காகிதத் துண்டுகளைத் தூவிப் பாராட்டியது. மனிதருக்கு அன்று தலைகால் புரியவில்லை.

3

வீட்டுக்கு வந்து எழுதினேன். என் முதல் பிரதியில், பொய்க் கணக்குக் காட்டிய தையல்காரர், ஒரு மதிய வேளையில் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்து உயிர்விடுகிறார். எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. மறுநாள் போய் அவருக்கே படித்துக் காட்டினேன். அந்த அளவுக்கு எனக்குப் புத்தி.

முழுக்கக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா பதினாறு சட்டை பாக்கி இருக்கே, அதை யார் தைப்பா?"

அந்தப் பிரதியை அங்கேயே கிழித்தேன். கால்சட்டை இன்னும் தயாராகவில்லை, மறுநாள் வரச் சொன்னார்.

4

அடுத்த முறை போனபோது கடை அமைதியாக இருந்தது. இயந்திரத்துக்கு உறை போட்டிருந்தது.

நாளுக்குப் பதினோராயிரம் அடி என்ற கணக்கு மருத்துவமனையில் இவரைப் பார்க்கும் மருத்துவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மாலையில் களைப்பாக இருப்பதாக இவரே போன வாரம் சொல்லியும் இருக்கிறார். இவ்வளவு நடந்துவிட்டு மேற்கொண்டு தையலும் தைத்தால் இந்த நெஞ்சு தாங்காது என்று மருத்துவர் முடிவுகட்டி, தையலை நிறுத்தச் சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் ஏமாற்றுக்காரன் என்று பட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் இயந்திரம் போய்விடும். ஆசையாகக் கட்டிய பட்டை அவரையே கட்டிப்போட்டுவிட்டது.

"சொல்லிடுங்களேன்" என்றார் மனைவி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் அதை அன்று பத்தாவது முறையாகச் சொல்லியிருப்பார்.

அப்போது கைபேசியில் நர்ஸே கூப்பிட்டார்.

"ஐயா, ஒரு சந்தேகம். நீங்க நடக்கிற நேரத்துல மட்டும் உங்க இதயத் துடிப்பு வரவே மாட்டேங்குது. நடையை நிறுத்தினா வருது. எங்க நடக்கிறீங்க நீங்க?"

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"கால்ல கட்டியிருந்தேன், சிஸ்டர். மெஷின் மிதிக்கும்போது பட்டை ஆடும்ல" என்றார்.

[இங்கே நர்ஸ் கோபப்பட்டதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவர் கோபப்படவே இல்லை. எடுத்துவிட்டேன்.]

கேமராவைப் போடச் சொன்னார் நர்ஸ். பட்டையைக் கையில் கட்டச் சொல்லி, உறையை எடுத்துவிட்டு ஒரு சட்டைக்கை தைத்துக் காட்டச் சொன்னார். தையல்காரர் மிதித்தார், மனைவி கைபேசியைக் காலருகே பிடித்துக்கொண்டார். பிறகு, "இவ்வளவு வேலை செய்றீங்க, இது எங்க கணக்குலயே இல்லையே, ஐயா" என்றார் நர்ஸ். தையல்காரர் மூக்கை உறிஞ்சினார். அதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

நாற்பது பேரில் இவருக்கு மட்டும் கைபேசியில் 'மிதி' என்று ஒரு புதுப் பொத்தான் வந்தது. தைக்க உட்காரும்போது அதை அழுத்தினால் போதும், மிதிப்பதும் நடையாகச் சேரும். நாற்பது நிமிஷம் ஆனால் மணி அடிக்கும், உடனே எழுந்து பத்து நிமிஷம் உலாவ வேண்டும். அதை ஒழுங்காகச் செய்தால் தையல் தைக்கலாம் என்று மருத்துவரும் சம்மதித்தார். பட்டை கைக்குத் திரும்பியது.

5

நேற்று போனேன். கடையில் இயந்திரச் சத்தம் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் தைத்துக்கொண்டிருந்தது என் கால்சட்டை. மாலையில் ஒரு கூட்டத்தில் நான் பேச வேண்டும், வேறு எந்தக் கால்சட்டையும் இடுப்பில் ஏறவில்லை. பேருந்துக்கு ஐந்து நிமிஷம்தான் இருந்தது.

தையல் ஒரு சாண் மிச்சமிருக்கும்போது மணி அடித்தது.

தையல்காரர் கைபேசியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். மனைவி காஜா ஊசியை அப்படியே நிறுத்தினார். எங்கோ ஒரு திரையின் முன்னால் அந்த நர்ஸும் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஒரு சாண்தான்" என்றார் தையல்காரர் என்னிடம். "முடிச்சிடவா?"

நான் சொன்ன பதிலை மூன்று விதமாக எழுதி, மூன்றையும் அடித்துவிட்டேன். ஒன்றில் என்னை நல்லவனாக்கியிருந்தேன், மற்ற இரண்டும் இன்னும் மோசம். ஆகவே நான் நின்ற இடத்தில் உங்களை நிறுத்திவிட்டு விலகிக்கொள்கிறேன். கால்சட்டை உங்களுடையது. அவர் கால் மிதிபலகையின் மேல் இருக்கிறது. உங்களைத்தான் கேட்கிறார்.