நானூற்று இருபது லிட்டர்

அக்காவுக்கு ஓர் இடம் வேண்டுமென்றால் நானூற்று இருபது லிட்டரில் ஒரு பெட்டி வாங்கியாக வேண்டும் என்று தங்கையின் கணவர் கண்டுபிடித்தார். ஓர் ஆளின் இடத்தை லிட்டரில் அளக்கலாம் என்பதே அதுவரை அக்காவுக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். தங்கை, கணவர், இரண்டு பெண்கள் என்று வீட்டில் நான்கு பேர். காரில் ஐந்து பேர் உட்காரலாம். அந்த ஐந்தாவது இடத்தில், அதாவது பின் இருக்கையின் நடுவில், வருடா வருடம் விடுமுறைக்குப் பைகள்தான் சொகுசாகப் போய்வந்துகொண்டிருந்தன. இந்த வருடம் அங்கே அக்காதான் உட்கார வேண்டும் என்று தங்கை முடிவு கட்டிவிட்டாள். பைகள் காரின் கூரைமேல் ஒரு பெட்டிக்குள் போக வேண்டியதுதான். அக்காவின் கணவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. தங்கை இருக்கும் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில், அச்சகத்திலிருந்து வரும் தாள்களில் பிழை திருத்திக்கொண்டு, குப்பை கொட்டுவதற்கு மட்டும் கீழே இறங்கி வருகிறவளாக அக்கா மாறியிருந்தாள்.

"கடலோரத்துல அஞ்சு நாள். நீ வர்ற, அவ்வளவுதான்," என்றாள் தங்கை.

பார்க்கலாம் என்று சொன்னாள் அக்கா. அவள் வாயில் அந்தச் சொல்லுக்கு வரமாட்டேன் என்று அர்த்தம் என எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று சாயங்காலமே அலமாரி மேலிருந்த பையை இறக்கித் தூசி தட்டிக் கதவோரம் வைத்துவிட்டாள். கூப்பிட்டதும் ஓடிவந்துவிட்டாள் என்று ஆகிவிடக் கூடாது. கூப்பிடாமலே போய்விட்டார்கள் என்றும் ஆகிவிடக் கூடாது. துக்கம் உள்ளவர்களுக்கு இப்படி நுணுக்கமான வேலைகள் நிறைய இருக்கின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தங்கையின் கணவருக்கு வீட்டில் அங்குலம் என்று பெயர். வைத்தவர் அக்காவின் கணவர். வண்டி நிறுத்துமிடங்களுக்கு வேண்டிய அறிவிப்புப் பலகை, சங்கிலி, உயரத் தடுப்புக் கம்பி எல்லாம் செய்கிற பட்டறையில் அங்குலத்துக்கு வேலை. நாற்காலியை அளந்து பார்த்துவிட்டு உட்காருகிற ஜாதி. வேறு யாராவது என்றால் கடைக்குப் போய், கை நீட்டி, அதைக் கொடுங்கள் என்று சொல்லி அரை மணி நேரத்தில் காரின் தலையில் பெட்டியை மாட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். அங்குலம் நோட்டுப்புத்தகம் ஒன்று போட்டார்.

நோட்டுப்புத்தகம் மூன்று மாதம் ஓடியது. முந்நூற்று இருபது லிட்டர் என்றால் கூடாரம் மடிந்து போகாது. ஐந்நூறு என்றால் பின்கதவு திறக்கும்போது பெட்டியின் பிட்டத்தில் இடிக்கும். இடது பக்கம் மட்டும் திறக்கிற பெட்டி, இரண்டு பக்கமும் திறக்கிற பெட்டி. பளபளப்புக் கறுப்பு, சொரசொரப்புச் சாம்பல். மூக்கு கூர்மையாக இருந்தால் காற்றுச் சத்தம் குறையும், ஆனால் அந்த மூக்குக்குள் காலுறை தவிர எதுவும் நுழையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டைப்பெட்டிகளை ஒட்டி அளவுக்கு ஒரு பொம்மைப் பெட்டி செய்து கார் மேல் வைத்து, பத்தடி தள்ளி நின்று பார்த்தார். கூரை தாங்கும் எடை, குறுக்குக் கம்பிகளின் இடைவெளி, வளைவில் வண்டி சாயும் கோணம் என்று அவர் அளக்காதது எதுவும் இல்லை. ஒன்றைத் தவிர. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவு நாள் இழுப்பது அக்கா வராமல் இருப்பதற்குத்தானே என்று தங்கை ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாளாம். அவர் திகைத்துப்போய், அண்ணி பின்னால் உட்காரும்போது தலைக்கு மேல் கனமாக ஒன்று இருக்கப் போகிறது, அது உறுதியாக இருக்க வேண்டாமா என்று கேட்டாராம். தங்கை வந்து இதைச் சொன்னபோது அக்கா கையிலிருந்த தாளில் அடுத்த பிழையைத் திருத்தினாள். தலைக்கு மேல் கனமாக ஒன்று இருப்பது அவளுக்குப் புதிதும் இல்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை எல்லோரையும் கடைக்குக் கூட்டிப் போனார். சுவரோரம் பெட்டிகள் வரிசையாக நிமிர்ந்து நின்றன. கறுப்பு, நீளம், இரண்டு பக்கமும் பூட்டு. அங்குலம் ஒன்றைத் தரையில் படுக்கப் போட்டு, கழற்றிய செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே மல்லாந்து படுத்தார். வாடிக்கையாளர்கள் உள்ளே படுப்பது வழக்கமில்லை என்று விற்பனையாளர் மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார்.

"அப்பா, இது அப்படியே சவப்பெட்டி மாதிரி இருக்குப்பா," என்றாள் சின்னவள்.

பெரிய பெண் சின்னவளின் காலை மிதித்தாள். தங்கை அக்காவைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கூரை விளக்கைப் பார்த்தாள். விற்பனையாளருக்கு என்ன ஏது என்று தெரியாது. ஆனாலும் தொழில் அனுபவத்தில் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். அங்குலம் மட்டும், எழுந்தால் மோசம், எழாவிட்டால் அதைவிட மோசம் என்று பெட்டிக்குள்ளேயே கிடந்தார்.

அக்கா பெட்டியின் நீளத்தைப் பார்த்தாள். தன் கணவர் இதற்குள் அடங்கியிருக்க மாட்டார், முழங்கால் இடிக்கும் என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. பதினான்கு மாதத்தில் முதல் சிரிப்பைக் கார் உதிரிபாகக் கடையில் செலவழிக்க வேண்டாம் என்று அடக்கிக்கொண்டாள். அது அழுகையை அடக்குகிற மாதிரி தெரிந்திருக்க வேண்டும். விற்பனையாளர் ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பெட்டி வாங்கியாயிற்று. கூடவே நாற்பது பக்கத்துக்கு ஒரு கையேடு. அதன் தமிழைப் பார்த்துவிட்டு, அண்ணி படித்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று அங்குலம் மூன்றாம் மாடிக்கு அனுப்பிவைத்தார். அதை யார் தமிழில் பெயர்த்தார்களோ, ஒவ்வொரு பக்கத்திலும் ஏழெட்டுப் பிழை. 'கூரை மீது உயிருள்ள உறவினர்களை ஏற்ற வேண்டாம்' என்று ஓர் எச்சரிக்கை இருந்தது. உயிரில்லாத உறவினர்களைப் பற்றிக் கையேடு ஒன்றும் சொல்லவில்லை. அக்கா சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு இரண்டு நாளில் நாற்பது பக்கத்தையும் திருத்தி, பல மாதங்களுக்குப் பிறகு ஓர் உபயோகமான காரியம் செய்த திருப்தியோடு திருப்பிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்குலம் விடுப்புப் போட்டுவிட்டுப் பெட்டியை மாட்டினார். சமதளம், வெயில் படாத இடம் என்று கட்டடத்தின் அடித்தளத்தில் கார் நிற்கும் இடத்திலேயே மாட்டினார். மரைகளை இத்தனை அழுத்தம்தான் முடுக்க வேண்டும் என்று கையேடு சொன்னதால் அதற்கான மரைச்சாவியைக் கடையிலிருந்து இரவல் வாங்கிவந்து, முடுக்கி, சொன்ன நேரத்தில் திருப்பியும் கொடுத்துவிட்டார். நேர்மையான மனிதர்.

அன்று சாயங்காலம் அக்கா குப்பை கொட்ட இறங்கினாள். கார்ப் பக்கம் போக வேண்டிய அவசியம் இல்லை, போனாள். பெட்டி வந்தது தெரிந்ததும் வீட்டிலிருந்த சாமான்களுக்கெல்லாம் நமக்கும் கடல் பார்க்க உரிமை இருக்கிறது என்று தோன்றிவிட்டது போலிருக்கிறது. மடக்கு நாற்காலி நான்கு, காற்றடிக்கும் படகு, பெரிய குடை என்று பெட்டி நிறைந்து பூட்டப்பட்டிருந்தது. பின் இருக்கையின் நடுவில், வழக்கமான இடத்தில், வழக்கம்போல ஐஸ் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதற்கு இருக்கை வார்கூட மாட்டியிருந்தார்கள்.

யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். கை பழகிய இடத்தில் வைத்திருக்கும். அது அக்காவுக்கும் தெரியும். வேண்டுமென்று செய்திருந்தால் சண்டையாவது போடலாம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் கையை வீசிக்கொண்டு கீழே வந்தாள். அச்சகத்தில் திடீரென்று ஒரு புத்தகம் கொடுத்துவிட்டார்கள், திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டும், வழியனுப்பத்தான் வந்தேன் என்று சொன்னாள். தங்கை அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொய் சொல்லும்போது நீ மூக்கத் தொடுவேக்கா. சின்ன வயசுலேர்ந்து."

அக்கா கையை இறக்கினாள். தங்கை காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். சாத்திய சத்தம் அடித்தளம் முழுக்கச் சுற்றி வந்தது. வண்டி கிளம்பி, வாசலை நோக்கிப் போனது. அக்கா கையசைத்தாள். சின்னவள் மட்டும் பதிலுக்குக் கையசைத்தாள்.

டங் என்று ஒரு சத்தம்.

அடித்தளத்தின் வாசலில் மஞ்சளும் கறுப்புமாக ஓர் உயரத் தடுப்புக் கம்பி இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் பட்டறையில் அங்குலம் தன் கையால் செய்து, தன் கையால் பற்றவைத்தது. சங்கிலியில் தொங்கவிட்டால் வண்டிக்காரர்கள் முட்டித் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள், அசையாதபடி வைப்பதுதான் முறை என்று குடியிருப்போர் சங்கத்தில் வாதாடி ஜெயித்தவரும் அவர்தான். கார் உள்ளே வரும்போது அதன் தலையில் பெட்டி இல்லை. ஊரில் உள்ள கார்களின் உயரத்தையெல்லாம் காபந்து பண்ணுகிற மனிதர், தன் காரின் உயரத்தை மட்டும் கூட்டிப் பார்க்கவில்லை.

அவர் இறங்கி, கம்பியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். வழக்கமாகச் சட்டைப்பையிலிருந்து தானாக வெளியே வருகிற அளவு நாடா அன்றைக்கு வர மறுத்தது. தங்கை கண்ணாடியை இறக்கினாள்.

"எவ்வளவுங்க இடிக்குது?"

அவர் அளந்தார். மறுபடியும் அளந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு அங்குலம்," என்றார்.

இதைக் கேட்கத் தன் கணவர் இல்லையே என்றுதான் அக்காவுக்கு முதலில் தோன்றியது. பெயர் வைத்ததற்குக் கிடைத்த பலன். சாப்பாட்டு மேசையில் இதை வைத்தே பத்து வருடம் ஓட்டியிருப்பார்.

பெட்டியைக் கழற்றலாம் என்றால் மரைச்சாவி கடையில். கடை திறக்க ஒன்பதரை ஆகும். கம்பியை அறுக்கலாம் என்றார் காவலாளி, உதவி செய்கிற உற்சாகத்தில். அங்குலம் அவரைப் பார்த்த பார்வையில் அவர் இரண்டடி பின்வாங்கினார். பிறகு அங்குலம் காரின் முன் இருக்கைக்கு எதிரே உள்ள சிறு அறையைத் திறந்து கையேட்டை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, ஓரிடத்தில் நின்றார். அக்காவிடம் நீட்டினார்.

"அண்ணி, இத நீங்க பாத்திருக்கீங்க."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. துணைக்கு ஓர் ஆள் கிடைத்த நிம்மதிதான் இருந்தது. அக்கா வாங்கிப் பார்த்தாள். 'பெட்டி பொருத்தியபின் வாகனத்தின் மொத்த உயரத்தை குறித்துக்கொள்ளவும். உயரத் தடை உள்ள இடங்களில் கவனம்.' உயரத்தை என்பதற்கும் குறித்து என்பதற்கும் நடுவில், அழகாக, சிவப்புப் பென்சிலில் ஒரு 'க்'.

வாக்கியத்தில் விட்டுப்போன ஒற்றைப் போட்டிருந்தாள். வாக்கியத்தைப் படிக்கவில்லை. நீ எழுத்தத்தான் பாக்கற, அது என்ன சொல்லுதுன்னு கேக்கறதே இல்ல என்று அவள் கணவர் இருபத்தாறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் அது ஒரு சண்டைக்கான தொடக்கமாக இருந்தது.

அங்குலம் சக்கரங்களில் கொஞ்சம் காற்றை இறக்கினார். அரை அங்குலம் இறங்கியது. இன்னும் அரை அங்குலம் வேண்டும். அதுவும் பின்பக்கம்தான், பெட்டி உயர்ந்து நிற்பது அங்கே. காவலாளி ஏறிக்கொள்ளத் தயாராக இருந்தார். ஆனால் வெளியே நின்று கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். மிச்சம் ஒருத்திதான் இருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. நீங்க எவ்வளவு எடை?"

"அறுபத்தி நாலு. முன்னாடி எழுபத்தொண்ணு இருந்தேன்."

"எழுபத்தொண்ணுன்னா பிரச்சினையே இல்ல," என்று வருத்தத்தோடு சொன்னார் அங்குலம். ஒரு வருடமாகச் சாப்பிடு, சாப்பிடு என்று எல்லோரும் சொன்னதற்கு ஒருவராவது உருப்படியான காரணம் காட்டினாரே என்று அக்காவுக்கு இருந்தது.

ஐஸ் பெட்டியின் வாரைக் கழற்றி அதைச் சின்னவளின் மடிக்கு மாற்றினாள் பெரிய பெண். அக்கா நடுவில் ஏறி உட்கார்ந்தாள். ஓர் ஆளுக்கு வேண்டிய இடம்தான் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வண்டி அவளுக்குக் கீழே கொஞ்சம் தாழ்ந்ததை உணர்ந்தாள். அவள் இருப்பதால் ஏதோ ஒன்று மாறுகிறது என்பது கண்ணால் பார்க்கும்படி நடந்து வெகுநாள் ஆயிற்று.

"எல்லாரும் மூச்ச வெளிய விடாதீங்க," என்றாள் தங்கை.

"உள்ள இழுத்தா எடை கூடாதும்மா," என்றாள் பெரிய பெண்.

வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. வெளியே காவலாளி, வரலாம், வரலாம், இன்னும் வரலாம் என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தார். தலைக்கு மேல் கம்பி பெட்டியை உரசாமல், உரசப்போவதாக மிரட்டிக்கொண்டு, கடந்துபோனது. வாசலுக்கு வெளியே வெளிச்சம் வந்தது. காவலாளி கைதட்டினார்.

கம்பிக்கு மேலிருந்த பலகை பின்கண்ணாடியில் தெரிந்தது. அங்குலம் எழுதியதுதான். அதில் ஒரு 'க்' இல்லை என்று ஆறு வருடமாக அவரைக் கேலி செய்துவந்த அக்கா, இன்றைக்குத்தான் முழு வாக்கியத்தையும் திரும்பிப் படித்தாள்.

"இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட வாகனங்கள் உள்ளே வர கூடாதுன்னுதான் போட்டிருக்கீங்க. வெளிய போகக் கூடாதுன்னு போடல. நாம தப்பு ஒண்ணும் பண்ணல."

முதலில் சிரித்தது தங்கைதான். பிறகு யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாத அளவுக்கு ஆகிவிட்டது. அங்குலம் மட்டும் சிரிக்காமல், பலகையை மாற்ற வேண்டும் என்று யோசிக்கிற முகத்தோடு இருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா கதவுப் பக்கம் கை நீட்டினாள். நான் இறங்கிக்கறேன், நேரமாச்சு என்றாள். இந்தத் தடவை மூக்கைத் தொடவில்லை. அந்தக் கைதான் கதவில் இருந்ததே.

அங்குலம் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் பரிவு எதுவும் இல்லை. கணக்குதான் இருந்தது.

"எப்படி இறங்குவீங்க அண்ணி? அஞ்சு நாள் கழிச்சுத் திரும்ப உள்ள போகணுமே. அப்ப சாமானும் கொறஞ்சிருக்கும். நீங்க இன்னும் ரெண்டு கிலோ ஏறியாகணும்."

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். கணக்கில் பிழை இருக்கிறதா என்று பார்த்தாள். கடையிலிருந்த அந்த மரைச்சாவி ஐந்து நாளில் இன்னொரு முறை இரவல் கிடைக்காதா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சில பிழைகளைத் திருத்தாமல் விடலாம் என்று இத்தனை வருடத் தொழிலில் அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது.

"என் பை கதவோரமா இருக்கு," என்றாள்.

பெரிய பெண் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அந்தப் பை ரொம்ப நாளாகவே அங்கே தயாராக இருந்தது என்பதை அவள் திரும்பி வந்து சொல்லத்தான் போகிறாள்; சொல்லிவிட்டுப் போகட்டும். பை வந்தது. பெட்டியில் இடமில்லை, காலடியில் இடமில்லை. அங்குலம் இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டுக் கைவிரித்தார். நானூற்று இருபது லிட்டர் வாங்கியும் அக்காவின் பை கடல்வரைக்கும் அவள் மடியில்தான் போயிற்று.