மூன்றாம் மோட்டாரின் எர்த்

அந்த நீரேற்று நிலையத்தின் மூன்றாம் மோட்டாருக்குப் பதினோரு வருடம் எர்த்தாக இருந்தவள், கூட்டிப் பெருக்க வந்த ஒரு பெண். சுழலும் ஷாஃப்டில் மின்சாரம் சேரும். மண்ணுக்கு இறங்க வழியில்லாவிட்டால் பேரிங் வழியாகப் பாய்ந்து, வழவழப்பான எஃகை அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் ஆக்கிவிடும். வழி விடுவதற்கென்று இருந்த கார்பன் பிரஷ் தேய்ந்துபோய், புதியது கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராமல், வருடத்துக்கு மூன்று பேரிங் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒரு மதியம் அவள் தலைசுற்றி, விழாமலிருக்க ஓடும் ஷாஃப்டைப் பிடித்தாள். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷாஃப்டில் சேரும் மின்சாரத்தைக் காட்ட அங்கே மாட்டியிருந்த மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு இறங்கியது. மறுநாளிலிருந்து இன்ஜினியர் அவளுக்கு ஷாஃப்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.

களைத்த உடம்பு வழியாகத்தான் அது இறங்கும் என்பது, அவளுக்குப் பத்து நாள் விடுப்புக் கொடுத்தபோது தெரிந்தது. நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவள் கை வைத்ததும் பொறி பறந்தது, முள் அசையவில்லை. அந்த வாரமே ஒரு பேரிங் போய், ஊர்க் குழாய்கள் நான்கு நாள் காற்றைத் துப்பின. அதன்பின் ஸ்டூலில் உட்காரும் முன் நிலையம் முழுவதையும் இரண்டு தடவை பெருக்கச் சொன்னார்கள். விடுப்பு என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அவளுக்கும் கேட்கத் தெம்பில்லை. கணவர் பஸ் கண்டக்டர். அவர் வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள், அவள் கிளம்பும்போது அவர். பதினோராம் வருடம் ஒருநாள், சாப்பாட்டுத் தட்டின்மேலேயே அவள் தலை சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர், மறுநாள் டியூட்டி முடிந்ததும் காக்கிச் சட்டையோடு நேராக நிலையத்துக்கு வந்தார்.

"ஒரு நாளாவது இவ நல்லாத் தூங்கட்டும் சார்."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையாப்பா? ஊருக்குத் தண்ணி யாரு குடுக்குறது?" என்றார் இன்ஜினியர்.

கண்டக்டர் மனைவியின் கையை விலக்கிவிட்டுத் தன் கையை வைத்தார். முள் பூஜ்யத்துக்கு இறங்கி, அதையும் தாண்டிக் கீழே போய் நின்றது. இன்ஜினியர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு இருக்கா உங்களுக்கு? சொல்லவே இல்லையே," என்றாள் அவள்.

"நீ சொன்னியா?"

அன்று அவள் வீட்டுக்குப் போய் முப்பது மணி நேரம் தூங்கினாள். சேதி பரவி, மறுவாரம் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி வேலை முடிந்து வந்தாள்; அப்புறம் மூட்டை தூக்குகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள், பரீட்சைத் தாள் திருத்தி முடித்த வாத்தியார் ஒருவர். ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று முறை போட்டார்கள். பெரும்பாலோர் கை வைத்தபடியே கொஞ்சம் கண்ணயர்வார்கள். களைப்புப் போதாது என்று இதுவரை யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.