வர இரண்டு, போக ஆறு

நாகம்மாளுக்கு உட்காரவும் பிடிக்கவில்லை, நிற்கவும் பிடிக்கவில்லை. 1974ஆம் ஆண்டு, தை மாதம். அயனம்பாக்கம் ஏரியை அடுத்த அவள் வீட்டுக் கூடத்தில் உத்தமன் தன் தாய் பொன்னம்மாளுடன் அமர்ந்திருந்தான். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வேலை செய்பவன். விடுப்பில் வந்து, நாகம்மாளின் மகள் கஸ்தூரியைப் பெண் கேட்கிறான். கஸ்தூரிக்கு அவனைப் பிடித்திருந்தது. பெற்றோரின் சம்மதம்தான் பாக்கி.

நாகம்மாளின் கணவர் கோதண்டம் மூன்றாம் முறையாகக் கேட்டார்.

“ஆயிரத்து எண்ணூறு மைலாமே தம்பி. ஒரு ஆத்திர அவசரம்னா பொண்ணு எப்டி வரும்?”

“ஏரோப்ளேன் கீது மாமா. காலைல எட்டுக்கு அங்க ஏறினா, பத்துக்கு மீனம்பாக்கத்துல கீறா.”

“ரெண்டே மணி நேரமா! அம்பத்தூர் ரயில்வே கேட்ல நான் நிக்கிற நேரம்பா அது!”

நாகம்மாள் காப்பித் தம்ளர்களைக் கீழே வைத்தாள்.

“போம்போது?”

“இங்க பதினோரு மணிக்கு ஏறினா, அங்க சாயங்காலம் அஞ்சு அத்தை.”

“வர ரெண்டு, போக ஆறா? இன்னாபா, போம்போது மட்டும் மேடு ஏறுதா?”

பொன்னம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். அடுக்களைக் கதவின் பின்னாலிருந்து கஸ்தூரியின் குரல் வந்தது.

“அங்க கடியாரம் ரெண்டு மணி முன்னாடி ஓடுதும்மா. எப்டிப் போனாலும் நாலு மணி நேரந்தான்.”

“பாத்தியா! இப்பவே புருஷன் ஊட்டு கடியாரத்த பேசுது!” என்றார் கோதண்டம்.

எல்லாரும் சிரித்தார்கள். நாகம்மாள் மட்டும் புழக்கடைக்குப் போனாள். எதற்கென்று தெரியாமல் திரும்பி வந்தாள். மடித்து வைத்த துணியை உதறி மறுபடியும் மடித்தாள்.

அவள் பிறந்த நசரத்பேட்டைக்குப் போக விமானம் தேவையில்லை. வெயில் ஏறுவதற்குள் நடந்தே சேர்ந்துவிடலாம். அவளுடைய தாய் படுக்கையில் விழுந்தபோது, நடவு முடியட்டும் என்றாள் மாமியார். அம்மா சொல்வதைக் கேள் என்றார் கோதண்டம். நடவு முடிந்து அவள் போனபோது, கட்டில் வெளியே கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

அவள் பொன்னம்மாளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணி, நாலு மணின்னே வெச்சிக்குவோம். நான் படுத்தா இவள அனுப்புவீங்களா?”

“நல்ல பேச்சு பேசும்போது இன்னாம்மா இது? அத அப்ப பாத்துக்கலாம்.”

“இன்னாமே, வந்தவங்ககிட்ட போய்…” என்று அதட்டினார் கோதண்டம்.

“கஸ்தூரி நைனா, நசரத்பேட்டை எத்தினி மைலு?”

கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிரவே இல்லை.

உத்தமன் தாயைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான்.

“யார் அனுப்பணும் அத்தை? அவ பாஸ்போர்ட்டு அவகிட்டதான் இருக்கும். ஏறி வந்துகினே இருக்கட்டும். நான் பின்னால வரேன்.”

“டேய்!” என்றாள் பொன்னம்மாள்.

“தட்ட எடுத்தாடி,” என்று நாகம்மாள் மகளை அழைத்தாள்.

தாம்பூலம் மாற்றிக்கொண்டு அவர்கள் பேருந்தைப் பிடிக்கப் போன பிறகும் அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தாள்.

“மணி இன்னாடி?”

“அஞ்சும்மா.”

“அங்க?”

“ஏழு.”

நாகம்மாள் விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டினாள்.

“இன்னும் வெயிலே எறங்கலியேம்மா.”

“அங்க இருட்டியிருக்கும்,” என்று சொல்லித் தீக்குச்சியைக் கிழித்தாள்.