என் டிவியில் அவள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள்

அந்தப் பெரிய டிவியை நான் வாங்கியதே ஓனீலின் வாயை அடைக்கத்தான். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. எங்கள் ஊர் போரஸில் என் முடிவெட்டும் கடைக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், அவனுடைய ரம் கடை. தடகளப் போட்டி வந்துவிட்டால் போதும், ஊரே அவன் கடைக்குள் போய் அடைந்துகொள்ளும். கூரை மேல் வளைந்துபோன ஒரு ஆன்டெனா, உள்ளே அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஒரு படம். இதற்கா இத்தனை கூட்டம் என்று எனக்கு வயிறு எரியும். அதனால் இன்டர்நெட் எடுத்தேன், பாதிச் சுவரை மறைக்கிற டிவி மாட்டினேன், ஏசியும் போட்டேன். ஓடுகிறவளின் நெற்றி வியர்வைகூட என் டிவியில் துல்லியமாகத் தெரியும்.

ஒரே ஒரு கோளாறு. ஓனீலின் ஆன்டெனாவுக்கு வந்த படம் என் டிவிக்கு வந்து சேர முக்கால் நிமிஷத்துக்கு மேல் ஆகும். முதல் நாள் இங்கே பெண்கள் கோட்டுக்குப் பின்னால் நின்று காலை உதறிக்கொண்டிருக்கும்போதே அங்கே பாத்திரத்தைத் தட்டிக் கூத்தாடுகிறார்கள். என் கடையில் இருந்தவர்கள் எழுந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அங்கே நடந்தார்கள். அன்றிலிருந்து ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே கதவைச் சாத்தி, சத்தத்தை முழுசாகக் கூட்டிவிடுவேன். முடிவு காதில் விழாதவரைக்கும் அது நேரலைதான்.

அன்று சனிக்கிழமை. போட்டி நடக்கிற ஜப்பானில் ராத்திரி, எங்களுக்குக் காலைக் கஞ்சி வேளை. பெண்கள் நானூறு மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச் சுற்று. அதில் ஓடப்போகிறவள் எங்கள் ஊர் ஷெனீக்கா. உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் போரஸ்காரி ஒருத்தி நிற்பது அதுதான் முதல் தடவை. உள்ளே நாங்கள் மூன்று பேர். நான், டாக்சி ஓட்டும் பாகா, நாற்காலியில் ராய்ஸ்டன். ராய்ஸ்டனுக்கு இடப்பக்கம் வெட்டி முடித்திருந்தேன், வலப்பக்கம் அப்படியே காடாக இருந்தது.

"டிஸ்கஸ்ல நம்ம பையன் மெடல் வாங்கினான்," என்று பாகா ஆரம்பித்தான். "வாங்கினதை எவனாவது காட்டினானா? அந்த நேரத்துல நூறு மீட்டர்காரி தலை பின்னிக்கிறதைக் காட்டுறான்! எறியுறவன்லாம் மனுசன் இல்லையா?"

"அத விடு," என்றான் ராய்ஸ்டன். "பத்தாயிரம் மீட்டர் ஓடிக்கிட்டு இருக்கும்போது விளம்பரம் போட்டான். திரும்பி வந்து பாத்தா முன்னாடி ஓடினவனையே காணோம். எங்கடா போனான் அவன்? இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"அந்த கமென்டேட்டருக்கு நம்ம பிள்ளை பேரே வாயில நுழையல," என்றேன் நான். "ஷானிக்காங்கிறான், ஷெனெல்ங்கிறான். அவ அம்மா மிஸ் வின் காதுல விழுந்தா அவன் பல்லைப் பேத்துருவாங்க."

"அவங்க எங்க கேக்கப்போறாங்க?" என்றான் பாகா. மூவரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தோம்.

மிஸ் வினெட், ஷெனீக்காவின் அம்மா, என் கடை வாசலில் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி மேல் உட்கார்ந்து விற்பனைக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். மகள் ஓடுவதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்குத் தலைநகர் கிங்ஸ்டன் வரை போனாள், மைதானத்துக்குள் உட்கார்ந்தாள், துப்பாக்கி வெடித்ததும் பாவாடையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். ஷெனீக்கா ஜெயித்தாள். அதோடு அது வழக்கமாகிவிட்டது. அம்மா பார்க்கக் கூடாது, பார்த்தால் தோஷம். ஊரே அதை நம்பியது. ஷெனீக்காவும் ஓட்டத்துக்கு முன்னால் போன் போட்டு, "அம்மா, வெளியிலதானே இருக்க?" என்று கேட்டுக்கொள்வாள். ஓட்டம் முடியும்வரை மிஸ் வின்னை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வது பாகாவின் பொறுப்பு. அவனாக எடுத்துக்கொண்ட பொறுப்பு.

"அரையிறுதியில ஒன்பதாவது தடையில அவளுக்குக் கால் மாறிடுச்சு, பாத்தியா?" என்றான் ராய்ஸ்டன். "இடது காலை நீட்டித் தாண்ட வேண்டியவ வலது காலை நீட்டுறா. ஏதோ தப்பிச்சா. முதல் பாதியில இப்படிப் பறந்தா கடைசியில கால்ல என்னடா மிஞ்சும்?"

"வாயைக் கழுவுடா!" என்று பாகா பாய்ந்தான். "பாதித் தலையோட உக்காந்துக்கிட்டு இவன் கோச்சு!"

நான் கதவைச் சாத்தினேன். சத்தத்தைக் கூட்டினேன். ஐந்தாவது ஓடுபாதையில் ஷெனீக்கா, மஞ்சள் உடை, காதில் அம்மா வாங்கிக் கொடுத்த சின்ன வளையம். துப்பாக்கி வெடித்தது.

என்ன ஓட்டம் அது! முதல் தடையைத் தொடாமல் தாண்டினாள். இரண்டாவதில் பக்கத்துப் பாதைக்காரியை எட்டிப் பிடித்துவிட்டாள். பாகா இன்னொரு நாற்காலி மேல் ஏறிவிட்டான். "அப்படித்தான்டி! அப்படித்தான்!" நான் கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டே குதிக்கிறேன். மூன்றாவது தடை. அவளுக்கு முன்னால் யாருமே இல்லை.

அப்போது கதவு திறந்தது. ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் பாதி உரித்த ஆரஞ்சு. மிஸ் வின் நின்றாள்.

"அவ விழுந்துட்டா," என்றாள்.

"யாரு விழுந்தா?" பாகா நாற்காலியிலிருந்து குதித்து இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தான். "வெளிய போங்க மிஸ் வின்! உங்க காலைப் பிடிச்சுக்கிறேன், வெளிய போங்க! பிள்ளை முதல்ல ஓடிக்கிட்டு இருக்கா!"

"ஓனீல் கடையில கத்திக்கிட்டே இருந்தாங்க. திடீர்னு ஒரு சத்தம் இல்ல. ஓனீல் தலையில கைய வச்சுக்கிட்டு வெளிய வந்தான். என்னைப் பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டான்." அவள் குரல் உயரவே இல்லை. "என் பொண்ணு விழுந்துட்டா, பாகா."

பாகாவுக்கு விளங்கவில்லை. அவன் டிவியைக் காட்டி, "அங்க பாருங்க, அங்க பாருங்க!" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்கு விளங்கிவிட்டது. என் டிவி. என் நாசமாய்ப்போன பெரிய டிவி. அங்கே எல்லாம் முடிந்துவிட்டது, இங்கே பிள்ளை ஒன்றும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறாள். ராய்ஸ்டன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் வாயில் கையை வைத்துக்கொண்டான்.

மிஸ் வின் பாகாவின் கையை விலக்கினாள். டிவிக்கு முன்னால் வந்து நின்றாள். இனி அவள் பார்க்கக் கூடாது என்று சொல்ல எங்களுக்கு என்ன இருக்கிறது? பயப்படவேண்டியது முடிந்துவிட்டது.

ஷெனீக்கா இரண்டாவது வளைவுக்குள் நுழைந்தாள். தோள் ஆடவில்லை, தலை அசையவில்லை. தடை வரும்போது காலைத் தூக்குகிறாள், இறங்குகிறாள், மறுபடி ஓடுகிறாள். கமென்டேட்டர் வேறு ஏதோ பேரைச் சொல்லிக் கத்தினான்.

"இவளா?" என்றாள் மிஸ் வின். "ஃபிட்ஸி, இது என் பொண்ணா?"

"உங்க பொண்ணுதான்," என்றேன்.

எட்டாவது தடை. ஒன்பதாவது. நான் மனசுக்குள் கெஞ்சினேன், ஓனீல் வேறு எதற்காகவோ தலையில் கை வைத்திருக்கட்டும், அவன் கடையில் கரண்ட் போயிருக்கட்டும். பத்தாவது தடைக்கு வரும்போது அவள் அடி குறுகியது. வலது கால் முன்னால் போனது. முட்டி தடையில் இடித்தது. அவள் முகம் குப்புற விழுந்தாள்.

பாகாவைத் தவிர எங்கள் மூன்று பேருக்கும் முன்பே தெரியும். தெரிந்திருந்தும் நாங்கள் அலறினோம்.

"நீங்க உள்ள வந்தீங்க!" பாகா அழுதுகொண்டே கத்தினான். "அதனாலதான்! இத்தனை வருசம் காப்பாத்தினேன், இன்னைக்கு உள்ள வந்துட்டீங்களே!"

மிஸ் வின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் உள்ள வரும்போது அவ விழுந்து முடிஞ்சுட்டா. இவன் டிவிதான் பின்னாடி வருது."

பாகா சட்டென்று உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அக்கிரமம். கேமரா ஜெயித்தவளின் பின்னாலேயே போனது. ஜெயித்தவள் வாயைப் பிளந்தாள், கொடியை வாங்கினாள், யாரையோ கட்டிப்பிடித்தாள். "பிள்ளையைக் காட்டுடா!" என்று ராய்ஸ்டன் திரையைப் பார்த்துக் கூவினான். அவர்கள் விழுந்ததைக் காட்டினார்கள். மெதுவாகக் காட்டினார்கள். வேறு பக்கத்திலிருந்து காட்டினார்கள். பிள்ளை எழுந்தாளா, கால் முறிந்ததா, உயிரோடு இருக்கிறாளா, அதைக் காட்டவில்லை. பிறகு பொரித்த கோழி விளம்பரம். நான் கையிலிருந்த சீப்பைக் கோழி மேல் வீசினேன்.

"எந்திரிச்சாளா?" என்றாள் மிஸ் வின். முதல்முறையாக அவள் குரல் நடுங்கியது. "யாராவது சொல்லுங்களேன், எந்திரிச்சாளா?"

திறந்த கதவு வழியாக ஓனீல் கடையிலிருந்து கைதட்டல் கேட்டது. கும்மாளம் இல்லை. ஒருவர் தொடங்கி, ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்ட கைதட்டல்.

"அங்க தெரிஞ்சுடுச்சு. வாங்க, ஓடிப் போய்ப் பாத்துடலாம்," என்றேன்.

"வேண்டாம். நான் இங்கேயே நிக்கிறேன். என் கண்ணாலயே பாக்குறேன்."

கோழி போனது. கொடி போர்த்திய வெற்றிக்காரியின் முகம் திரையை நிறைத்தது. அவள் தோளுக்குப் பின்னால், ஒரு ஓரத்தில், மங்கலாக ஒரு மஞ்சள். ஒரு காலை இழுத்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், முடிவுக் கோட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. கேமராக்காரன் அதைக் கவனிக்கவே இல்லை. மிஸ் வின் விரலை நீட்டித் திரையில் அந்த இடத்தைத் தொட்டாள். ஆரஞ்சுச் சாறு கண்ணாடியில் ஒட்டியது.

"நடக்குறா," என்றாள். "அவ நடைதான் அது."

கொஞ்ச நேரம் கழித்து அவள் பைக்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் வெறும் அழுகை. அப்புறம், "அம்மா... வெளியிலதானே இருந்த?"

பாகா இரண்டு கையையும் ஆட்டி, சொல்லாதீங்க சொல்லாதீங்க என்று ஜாடை காட்டினான். நான் முடிவெட்டும் மிஷினை அவன் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

"உள்ள வந்துட்டேன்," என்றாள் மிஸ் வின். "பாத்தேன்."

அந்தப் பக்கம் அழுகை நின்றுவிட்டது. "இன்னைக்கா? இன்னைக்குப் போயாம்மா பாத்த?"

"வளைவுலேர்ந்து பாத்தேன். நீ இப்படி ஓடுவேன்னு எனக்கு யாரும் சொல்லலையேடி."

ஊரே பத்து வருஷமாகச் சொன்னதுதான். ஷெனீக்கா மறுபடி அழுதாள். இது வேறு அழுகை. முட்டியில் தையல் போட டாக்டர் கூப்பிடுகிறார் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மிஸ் வின் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். "ஃபிட்ஸி, அவ ஓடின பழசெல்லாம் இதுல போட முடியுமா?"

"இன்டர்நெட்ல எல்லாம் இருக்கும். எது வேணும்?"

"எல்லாம். ஒண்ணு விடாம. நான் எதையுமே பாக்கலையே."

ராய்ஸ்டன் பாதித் தலையோடு எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தான். கிங்ஸ்டன் மைதானத்திலிருந்து ஆரம்பித்தேன். பள்ளிக்கூடச் சட்டையில் குச்சிக் காலோடு ஒரு சின்னப் பெண், கோட்டுக்குப் பின்னால். துப்பாக்கி வெடித்ததும் மிஸ் வின் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடவில்லை. "ஓடுடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. "பாத்துடி! காலைத் தூக்கு! ஐயோ, பக்கத்துல வர்றாளே! ஓடுடி என் ராசாத்தி!"

சத்தம் கேட்டு ஓனீலும் அவன் கூட்டமும் சாலையைத் தாண்டி ஓடி வந்தார்கள். ஓனீல் மூச்சு வாங்க வாசலில் நின்றான்.

"என்ன ஓட்டம்டா இது? லைவா?"

"லைவ்தான்," என்றேன். "கதவைச் சாத்திட்டு உக்காரு."